உருமாவோடு போன வேலை

பிப்ரவரி 4

இந்த டைரி என் வீட்டுக்காரருக்கு வந்தது. பைப் கடைக்காரர் வருசம் தவறாமல் பேரூராட்சி ஆட்களுக்குக் கொடுப்பார். அவர் ஒரு வரி எழுதியதில்லை. அலமாரிக்கு மேலே பழைய டைரிகள் வெள்ளையாகவே கிடக்கின்றன. இந்த வருசத்து டைரியின் கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் போய்விட்டார்.

இந்துதான் பிரித்துக் கொடுத்தாள். "எழுதும்மா. ஆறாப்பு வரைக்கும் படிச்சிருக்கேல்ல. நீ பேச ஆரம்பிச்சா வர்றவங்க எல்லாம் ஒக்காந்து அழுகுறாங்க. எழுதுனா யாரும் அழுக மாட்டாங்க" என்றாள்.

அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எழுதலாம் போலிருக்கிறது. பெருமாள்சாமி. பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. தெருமுனைக்குத் தெருமுனை ஒரு குழி, குழிக்குள் ஒரு வால்வு. நீளமான இரும்புச் சாவியை விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். நிரந்தர வேலை.

முந்தாநாள் கருமாதி. என் தம்பி வந்து பாலகுமரனுக்கு உருமா கட்டினான். தகப்பன் போனால் மகனுக்குத் தாய்மாமன் தலைப்பாகை கட்டுவது எங்கள் வழக்கம். இனி அந்த வீட்டுக்கு அவன்தான் என்று ஊருக்குச் சொல்கிறது. பாலகுமரனுக்கு இருபத்து மூன்று வயது. தலையில் துணியைச் சுற்றியதும் அவர் சாடை அப்படியே வந்துவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய அண்ணன் தவமணி அத்தான் சபையில் எழுந்து நின்றார். "அப்பன் எடத்துல இனி இவன்தான். வீடும் இவன் பொறுப்பு. பேரூராட்சி வேலையும் வாரிசுக்குக் கேட்டு இவனுக்கே வாங்கணும். என்னத்தா குருவம்மா, சரிதான?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோடிச் சேலை முக்காட்டுக்குள் எனக்கு வேர்த்தது.

"சரிங்கத்தான்" என்றேன்.

இந்து வடைத் தட்டோடு நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் போனாள்.

பிப்ரவரி 13

அத்தானோடு பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்தில் இன்றைக்குத்தான் உள்ளே போய் உட்கார்ந்தேன். இத்தனை வருசமும் வாசலோடு சரி, சாப்பாடு கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஜோஸ்பின் மேடம் என்று ஒருவர் இந்த வாரிசு வேலைக் காகிதம் எல்லாம் பார்க்கிறார். முதலில் காபி வாங்கி வரச் சொன்னார், எனக்கு.

"யாருக்குக் கேக்கப்போறீங்க?"

"பையனுக்குங்க" என்றார் அத்தான்.

"நான் அம்மாவக் கேட்டேன்." மேடம் என்னைப் பார்த்தார். "கணவர் எறந்தா மனைவியே கேக்கலாம்மா. வயசு என்ன?"

"நாப்பத்தாறுங்க."

"அப்ப நீங்களே கேக்கலாமே. என்ன படிச்சிருக்கீங்களோ அதுக்குத் தக்க வேலை வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு முதல் சிரிப்பு. "நான் போயி வேலை பாக்கவா மேடம்?" என்றேன். அத்தானும் சிரித்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "பொண்ணு இருக்காளா?" என்று கேட்டார். "டீச்சருங்க, பிரைவேட் பள்ளிக்கூடத்துல. இன்னைக்கோ நாளைக்கோ இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்று அத்தானே சொல்லிவிட்டார்.

வெளியே அவருடைய டிவிஎஸ் வண்டி வேப்பமரத்தடியில் அப்படியே நின்றது. சீட்டில் காக்கை எச்சம். முந்தானையால் துடைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 14

சர்க்கரை மாத்திரை ஒரு அட்டை மிச்சம் இருக்கிறது. தூரப்போட மனம் வரவில்லை.

பிப்ரவரி 21

கிழக்குத் தெருவுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. தற்காலிகமாகப் போட்டிருக்கிற ஆளுக்கு வால்வு பிடிபடவில்லை. அந்தத் தெரு அழகுராணி குடத்தோடு வந்து நின்றாள்.

"மதினி, துக்க வீட்டுல வந்து கேக்குறேன்னு நெனைக்காதீங்க. அந்தாளு திருகுறான், திருகுறான், எங்க தெருவுக்குப் போற தண்ணி எல்லாம் மேலத்தெரு மாடி வீட்டு வாசல்ல ஆறா ஓடுது. நீங்க வந்து காமிச்சுக் குடுங்க."

போனேன். ஒரு கை பிடித்தேன், அவ்வளவுதான். அந்தக் கிழக்குத் தெரு வால்வு முதலில் பின்னால் போய்விட்டுத்தான் முன்னால் வரும். நேராகத் திருகினால் அடம் பிடிக்கும். கையில் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தோல் உரிந்துவிடும்.

அவர் காலில் புண் வந்த பிறகு குழிக்குள் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடிவதற்கு முன்னால் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். அவர் வண்டியில் உட்கார்ந்திருப்பார், நான் இறங்கித் திறப்பேன். "மெதுவாத் திருகு, அது என்ன ஒன் மாமியா கழுத்தா" என்பார். சும்மா கூடமாட ஒத்தாசைதான். ரெண்டு வருசம்.

மார்ச் 10

கல்யாணச் சமையலுக்குப் போனேன். தாலி அறுத்து ரெண்டு மாசம் ஆகவில்லை, மண்டபத்துக்கா என்று நாத்தனார் கேட்டாள். பின்கட்டில்தானே. அங்கே யார் பார்க்கப்போகிறார்கள். கத்தரிக்காய், பூசணிக்காய் அரிந்து, தேங்காய் துருவி, கடைசியில் அண்டா தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தோம்.

எங்களுக்கு நானூறு. ஆம்பளைகளுக்கு எண்ணூறு. புதிதாக வந்த ஒரு பையனுக்கும் எண்ணூறு. அவன் அண்டாவைப் பிடிக்கத் தெரியாமல் சாம்பாரை எங்கள் காலில் சிந்தினான். மாஸ்டரிடம் ஒருத்தி கேட்டாள். "பொம்பளைக்கு அம்புட்டுத்தாம்மா. காலங்காலமா அப்பிடித்தான" என்றார். கேட்டவளும் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் சொன்னேன். இந்து தலை சீவிக்கொண்டே சொன்னாள், "கவருமெண்டுல அப்பிடி இல்லம்மா. ஆணு பொண்ணுன்னு பிரிக்க மாட்டாங்க. நாக்காலிக்குத்தான் சம்பளம். யாரு ஒக்காந்தாலும் அதே சம்பளம்."

ஜடையைப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் எதற்கு அதைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மார்ச் 29

இந்து சாப்பிடவில்லை. கேட்டால் தலைவலி என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் போன ஜூனில் ஒரு கணக்கு சார் வந்தார். இவள் அங்கே ஐந்து வருசமாக இருக்கிறாள். இவளுக்குப் பத்தாயிரம், அவருக்குப் பதினாறு. அவருக்குப் பாடம் எடுத்துப் பழக்கியதே இவள்தானாம். பெரிய சாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"அவருக்குக் குடும்பம் இருக்குன்னார்மா. எனக்கும் இருக்கு சார்னேன். ஒங்களுக்குத்தான் கல்யாணமே ஆகலயேன்னார். கல்யாணமான வாசுகி மிஸ்ஸுக்கும் பத்துதான சார்னேன். அவங்களுக்கு வீட்டுக்காரர் இருக்கார்லங்குறார்."

பாலகுமரன் சிரித்துவிட்டான். "அக்கா, பேசாம எங்கூட லோடு வண்டிக்கு வந்துரு. பேட்டாவோட பதினெட்டு வருது. பிளஸ் டூ பெயிலுக்கே பதினெட்டு. நீ ரெண்டு டிகிரி, எவ்வளவு தருவாங்கன்னு மொதலாளிகிட்டக் கேக்குறேன்."

அவளும் சிரித்தாள். ரெண்டு பேரும் சிரித்ததைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. ரசம் விட்டு ஒரு வாய் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 19

தாலுகா ஆபீஸ். வாரிசுகள் எல்லாரும் பாலகுமரனுக்கு வேலை கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்து அரைநாள் லீவு போட்டு வந்தாள். அரைநாள் லீவுக்கும் சம்பளம் பிடிப்பார்களாம்.

"எங்க போடணும்?" என்று கேட்டாள். அத்தான் விரலால் காட்டினார். போட்டாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். என்னுடையது பக்கத்தில் கோழி கிளறிய மாதிரி.

வெயில். மூன்று பேருக்கும் நன்னாரி சர்பத் வாங்கினேன். இந்து குடிக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள்.

மே 7

மழை. அவர் செருப்பை உள்ளே எடுத்து வைத்தேன்.

ஜூன் 12

ஜோஸ்பின் மேடம் என்னை மட்டும் வரச்சொல்லிப் போன் செய்தார். போனேன். அத்தானிடம் சொல்லவில்லை.

"காகிதம் எல்லாம் இன்னும் என் மேஜையிலதாம்மா இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுரைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிருவேன். அதுக்குள்ள பேர மாத்தணும்னா மாத்தலாம். அனுப்புனதுக்கப்பறம் என்னால முடியாது."

"எதுக்கு மேடம் மாத்தணும்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பையன் பத்தாவது பாஸ். அவனுக்கு அப்பா பாத்த மாதிரி வேலைதான் வரும். பொண்ணு டிகிரி. அவளுக்கு ஆபீஸ்ல சீட்டு வரும். போகப்போகப் பதவி உயர்வு வரும். நான் இப்ப இருக்கேன்ல, இந்த நாக்காலிக்கு வரலாம். அது ஒண்ணு. இன்னொண்ணு சொல்றேன். பையன் வெளிய போனாலும் பொழச்சுக்குவான், வெளிய அவனுக்கு ஒரு வெலை இருக்கு. பொண்ணுக்கு வெளிய என்ன தர்றாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல? இங்கதாம்மா நமக்கெல்லாம் சரிக்குச் சரி தர்றாங்க. நான் இந்த வேலைக்கு வந்தப்ப எங்க வீட்டுல எங்கண்ணன் ஒரு வருசம் பேசல."

"இப்பப் பேசுறாரா மேடம்?"

"மக கல்யாணத்துக்குக் கடன் கேக்க வந்தாரு. அதுலருந்து பேசுறாரு."

நான் எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் யோசனை. சபையில் சரி என்று சொல்லியாகிவிட்டது. உருமா கட்டின தலையிலிருந்து அவிழ்த்து எடுப்பதா?

ஜூன் 13

பாலகுமரன் சாப்பிடும்போது ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவேளை வேலை கிடைக்கவில்லை என்றால் என்னடா செய்வாய் என்று.

"கெடைக்கலன்னா ரொம்ப நல்லதும்மா. எனக்கு இந்த வால்வு வேலை எல்லாம் சரிப்படாது. அதிகாலையில எந்திரிக்கணும். வண்டின்னா பெங்களூரு, கொச்சின்னு நாலு ஊரு பாக்கலாம். அக்கா பேருக்கே எழுதிக் குடேன்."

எனக்கு என்ன வந்ததோ, கரண்டியை வைத்துவிட்டுக் கத்தினேன். "ஊரு முன்னால உருமா கட்டிட்டுப் பேசுற பேச்சாடா இது? ஒங்கப்பன் பேரு கெட்டுப்போகாது?"

அவன் பயந்துபோய், "சரி சரி, சும்மா சொன்னேன். ஏன் இப்பிடிக் கத்துற" என்று கையைக் கழுவிவிட்டான்.

அடுப்படிக்குப் பக்கத்தில் இந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா நின்றது. பிறகு ஓடியது.

ஜூன் 14

இந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும். "எனக்குக் குடும்மா" என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் வாயால் வந்துவிட்டால் அத்தானிடம் போய் "மக கேக்குறா, நான் என்ன செய்ய" என்று சொல்லிவிடலாம். ஊருக்கும் அதையே சொல்லலாம்.

அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். "பள்ளிக்கூடம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டேன்.

"போகுது."

"அந்தக் கணக்கு சாரு?"

"அவரும் போறாரு."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. தலையை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் தேய்த்தேன்.

ஜூன் 15

ஜோஸ்பின் மேடத்திடம் போவதற்கு என்று வெளுத்த சேலை ஒன்றை எடுத்து வைத்தேன். மத்தியானம் அத்தான் வந்தார். காபி குடித்தார். "நாளைக்கு நம்ம காகிதம் மதுரைக்குப் போகுதாம்த்தா. நான் வேண்டியவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கேன். தம்பி ஆத்மா சாந்தியாகும்" என்றார். சேலையை மறுபடி மடித்து உள்ளே வைத்தேன்.

ஜூன் 16

வெள்ளிக்கிழமை. போர்வை எல்லாம் ஊறப்போட்டுத் துவைத்தேன்.

ஜூன் 17

நேற்று சாயங்காலம் போன் நான்கு தடவை அடித்திருக்கிறது. ஜோஸ்பின் மேடம். துவைக்கிற சத்தத்தில் கேட்கவில்லை என்று இந்துவிடம் சொன்னேன். அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, ஜோஸ்பின்?" என்றாள். "ஆபீஸ்ல ஒருத்தவங்க" என்றேன்.

ஆகஸ்ட் 20

இந்துவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தொடவில்லை. "பொண்ணுக்கு எங்க வேலை?" என்று கேட்டார்கள். அத்தான் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். "ஓ, பிரைவேட்டா" என்றார்கள். பிறகு ஐம்பது பவுன் கேட்டார்கள்.

"கவருமெண்டு வேலைப் பொண்ணா இருந்தா நாங்க நகையே கேக்கப்போறதில்லங்க. மாசாமாசம் வருதுல்ல. இது அப்பிடி இல்லையில்ல" என்று அந்த அம்மா சொன்னார்கள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு இந்து நகையைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். கேசரி முழுவதையும் பாலகுமரன் தின்றான்.

செப்டம்பர் 14

ஆர்டர் வந்துவிட்டது. அவர் பார்த்த அதே வேலை. அத்தான் அதை அவர் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினார். தெருவுக்கெல்லாம் லட்டு. கைக்கு இருபத்தைந்துக்கு மேல் வருமாம். அழகுராணி லட்டைக் கடித்துக்கொண்டே, "ரெண்டு வருசமாப் பாத்தவங்களுக்கே குடுத்திருக்கலாம், பரவாயில்ல, மகன்தான" என்றாள். என்ன பேச்சு இது என்று உள்ளே வந்துவிட்டேன்.

பாலகுமரன் லோடு வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது. தூசி என்றான்.

இந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஆர்டரை எடுத்து முழுவதும் வாசித்தாள். "பேர்ல ஒரு எழுத்துத் தப்பு இருக்கு. திருத்தச் சொல்லு, பின்னால சிரமம்" என்று தம்பியிடம் சொன்னாள். அவன் தோளில் தட்டிக்கொடுத்தாள். வெள்ளை சட்டை ஒன்று வாங்கி வந்திருந்தாள் அவனுக்கு.

அக்டோபர் 1

இந்து கோயம்புத்தூருக்குப் போகிறாள். ஹாஸ்டலோடு இருக்கிற பள்ளிக்கூடமாம். பகலில் பாடம், சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தங்குவதும் அங்கேதான். ரெண்டு வேலைக்கும் சேர்த்து, அந்தக் கணக்கு சார் வாங்குகிற அதே சம்பளம் கொடுக்கிறார்களாம்.

"இங்க என்னடி கொறைச்சல்?" என்று கேட்டேன்.

"கொறைச்சல்னு யாரு சொன்னா."

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ப்பு இன்னும் போகலயே" என்றாள். அப்போதுதான் நானும் பார்த்தேன்.

அக்டோபர் 16

பாலகுமரன் எழுந்திருக்கவில்லை. இதுவரை அந்தத் தற்காலிக ஆள்தான் கூட வந்து திறந்துவிட்டான், போன வாரத்தோடு அவனை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு போய்விட்டு வந்து படுத்தவன். ரெண்டு தடவை எழுப்பினேன். "நீ போயித் தொறந்துட்டு வாம்மா, ஒனக்குத் தெரியும்ல" என்று புரண்டு படுத்தான்.

போனேன். ஒரு நாளைக்குத்தானே.

அக்டோபர் 23

இன்றைக்கும் நான்தான்.

நவம்பர் 20

டிவிஎஸ்ஸை ஓட்டக் கற்றுக்கொண்டேன். நடந்து போனால் கடைசித் தெருவுக்கு நேரமாகிவிடுகிறது. சீட்டில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நான் அதற்குக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

பாலகுமரன் வீட்டுக்குப் பணம் கொடுக்கிறான். குறை சொல்ல முடியாது. மாசம் பிறந்தால் பத்தாயிரம் என் கையில் வைக்கிறான். "செலவுக்கு வச்சுக்கம்மா" என்கிறான். அவன் நல்ல பிள்ளைதான். அவனுக்குப் பெண் கொடுக்க மூன்று இடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். பேரூராட்சியில் வேலை என்றதும் ஜாதகம்கூடக் கேட்கவில்லை.

கிழக்குத் தெரு வால்வுக்கு கிரீஸ் வைத்தேன்.

ஜனவரி 3

பைப் கடை டைரி இந்த வருசம் பாலகுமரன் பெயருக்கு வந்தது. அவன் அதை என்னிடம் போட்டுவிட்டான். அவரைப் போலத்தான். இனி இதில்தான் எழுத வேண்டும்.

பிப்ரவரி 6

இன்று அவருக்குத் தலைத்திவசம். நேற்றே இந்து வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுவதும் இவள்தான் முழித்திருக்க வேண்டுமாம்.

விடிவதற்கு முன்னால் நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் முழித்துக்கொண்டாள். "எங்கம்மா?" என்றாள். "இங்கதான்" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். நான் ஓட்டினேன். அவள் அவர் உட்கார்ந்த பள்ளத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கிழக்குத் தெருக் குழியில் இறங்கினேன். பின்னால் ஒரு திருகு, பிறகு முன்னால். குழாய்க்குள் தண்ணீர் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் மேலே நின்று செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

"தெனமுமா?" என்றாள்.

"அவன் அசந்து தூங்குறான்."

"ஆபீஸ்ல யாரு பேருக்குக் கையெழுத்து?"

"அவந்தான் போய்ப் போட்டுட்டு வருவான்."

மேலே ஏறக் கை கொடுத்தாள். கையை விடவில்லை.

"எனக்கு வேணாம்மா. எனக்குக் குடுக்கலன்னு நான் வருத்தப்பட்டேன், பொய் சொல்லல. ஆனா நீ? மேடம் மொதல்ல ஒன்னத்தான கேட்டாங்க? பெரியப்பா சிரிச்சுச் சிரிச்சு சொன்னாரு எங்கிட்ட. அப்பா இருக்கப்பவும் நீதான் தொறந்த, இப்பவும் நீதான் தொறக்குற. நீ வாங்கியிருந்தா அந்தச் சம்பளம் ஒனக்கும் அதேதானம்மா. ஒரு ரூவா கொறைக்க மாட்டாங்க."

இவளுக்குக் கொடுக்கவில்லையே என்றுதான் இத்தனை மாசமும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு என்று ஒருநாளும் தோன்றவில்லை. இன்னொருத்தர் சொல்லித்தான் தெரிகிறது.

"நீ ஏன்டி கேக்கல?" என்றேன். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்தியிருப்பேன்ல."

எந்த வெள்ளிக்கிழமை என்று அவள் கேட்கவில்லை. அந்தப் போனைப் பார்த்தபோதே தெரிந்துகொண்டிருப்பாள் போல.

"நீ எண்ணெய் தேச்சுவிட்டேல்ல அன்னைக்கு," என்றாள். "நீ சொல்லுவ, சொல்லுவன்னு நான் ஒக்காந்திருந்தேன். எனக்குத் தெரியாமயா? கேட்டு வாங்குனா தம்பி சோத்தப் புடுங்குனவன்னு பேராகும். நீயாக் குடுத்தா அப்பா குடுத்த மாதிரி."

அடுத்த தெரு வால்வைத் திறக்க நேரமாகிவிட்டது. வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அவள் தலையை என் முதுகில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

திவசத்துக்கு அத்தான் வந்தார், சாப்பிட்டார். வேலை கிடைத்ததில் தம்பி ஆத்மா சாந்தியாகிவிட்டது என்றார். நான் அவருக்குப் பாயசம் ஊற்றினேன்.

பிப்ரவரி 7

இந்துவை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். முறுக்கும் கருவாடும் கட்டிக் கொடுத்தேன். பஸ் போன பிறகும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்னக்கா, யாருக்கு நிக்கிறீங்க?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன்.

சாயங்காலம் ஜோஸ்பின் மேடத்தைப் பார்க்கப் போனேன். அவர் மாறுதலாகி வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அந்த நாற்காலியில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தது. இந்து வயசுதான் இருக்கும். "என்ன வேணும்மா?" என்று கேட்டது. சும்மா வந்தேன் என்றேன். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றது.

பிப்ரவரி 8

நேரத்துக்கு முழிப்பு வந்துவிட்டது. சாவியை எடுத்தேன். துணியைச் சுற்றினேன். பிறகு அவிழ்த்தேன்.

சாவியைக் கொண்டுபோய் பாலகுமரன் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. சும்மாதான் படுத்திருந்தேன். வெளுத்தது. குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு குடம், இன்னொரு குடம். காற்று மட்டும் புஸ் என்று வந்திருக்கும்.

அழகுராணி வாசலுக்கே வந்துவிட்டாள். கூட நான்கைந்து பேர். "மதினி, ஒடம்புக்கு என்ன? தண்ணி வரலயே."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்பறம் ஏன் தொறக்கல?"

"அது என் வேலை இல்ல அழகுராணி. பாலகுமரன் வேலை. அவன எழுப்புங்க."

அவர்கள் சிரித்தார்கள். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அவர்களும் நிறுத்தினார்கள்.

பாலகுமரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். கையில் சாவி. தெருவே பார்த்தது. "அம்மா, இந்தக் கிழக்குத் தெரு எந்தப் பக்கம் திருகணும்?" என்று கேட்டான். சின்னப் பிள்ளையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான், அதே முகம்.

வாய் வரைக்கும் வந்தது. பின்னால் ஒரு திருகு, பிறகு முன்னால், அவ்வளவுதான். சொன்னால் அரை நிமிசத்தில் தண்ணீர் வந்துவிடும்.

"போயிப் பாருடா. கையில துணி சுத்திக்க" என்றேன்.

போனான். ரொம்ப நேரம் கழித்துத் தெருவில் சத்தம் கேட்டது. யார் வீட்டுக் குழாயிலோ தண்ணீர் விழுந்தது. கிழக்குத் தெருவா மேலத்தெருவா தெரியவில்லை.

எங்கள் வீட்டுக் குடம் காலியாகத்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, மற்றவர்களைப் போல நானும் வரிசையில் போய் நின்றேன்.